அடுத்த கூடத்திற்குச் சென்ற குரலும் காட்சியும்

உள்ளே ஆயிரம் பேர் அமரத்தான் இடம் உண்டு. வந்திருப்பவர்களோ மூவாயிரம் பேர். மற்ற இரண்டாயிரம் பேரை என்ன செய்வது?

கிறிஸ்துமஸ் நள்ளிரவிலும், புனித வெள்ளியன்றும், ஈஸ்டர் விடியலிலும் சென்னையின் பெரிய தேவாலயங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுகிறது. முன்னதாக வந்தவர்கள் உள்ளே சென்று அமர்கிறார்கள். தாமதமாக வந்தவர்கள், கைக்குழந்தையுடன் வந்த தாய்மார்கள், நெரிசலுக்கு அஞ்சும் முதியவர்கள் ஆகியோர் வெளியே பந்தலிலோ, பக்கத்துக் கூடத்திலோ தங்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு திரையும் இரண்டு ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. உள்ளே நடப்பது அவற்றின் மூலம் வெளியே உள்ளவர்களை எட்டுகிறது.

பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் இதன் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட அறிவியல் வரலாறு உள்ளது. அந்த வரலாற்றின் பல பக்கங்கள் நமது மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மெரினாக் கடற்கரையிலும் எழுதப்பட்டவை. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

குரல் மட்டுமே இருந்த காலம்

1907ஆம் ஆண்டில் வங்கத்து விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். ஆயிரக்கணக்கானோர் மணலில் அமர்ந்து கேட்டனர். ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பேச்சாளரின் நுரையீரலே அன்று கூட்டத்தின் எல்லையை வகுத்தது. அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரத்து நிழலிலும் இவ்வாறே பெருங்கூட்டங்கள் நடந்தன. அன்னி பெசன்ட் அம்மையார் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் படைத்தவர் என்று பெயர் பெற்றிருந்தார்.

திறந்த வெளியில் குரல் ஏன் விரைவில் தேய்கிறது? ஒலி ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் கோளம்போல் விரிந்து பரவுகிறது. தொலைவு இரண்டு மடங்கானால், அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பகிர்ந்து கொள்ளப்பட வேண்டும். எனவே தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் செறிவு கால் பங்காகிவிடுகிறது. டெசிபெல் அளவில் கூறினால், ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறது.

கட்டடத்திற்குள் இடையூறு வேறு வகையானது. சாந்தோம் பேராலயம் 1890களில் கோதிக் பாணியில் மீண்டும் கட்டப்பட்டது. கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயம் 1815இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களின் உயர்ந்த கூரையும், தடித்த சுவர்களும், வழவழப்பான தளமும் ஒலியை விழுங்குவதில்லை; திருப்பி அனுப்புகின்றன. ஓர் அசை முடிந்த பின்னும் அதன் எதிரொலி கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அடுத்த அசை அதன்மேல் வந்து விழுகிறது. இதனை எதிர்முழக்கம் என்கிறோம். பாடலுக்கு இது அழகு. பேச்சுக்கோ இது பகை. எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிடும் வழியை அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சேபின், 1895இல் தொடங்கிய ஆய்வுகளின் மூலம் கண்டறிந்தார். கூடத்தின் கன அளவு மிகுந்தால் எதிர்முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் அது குறுகும். அமர்ந்திருக்கும் மனிதர்களும் அவர்தம் ஆடைகளும்கூட ஒலியை உறிஞ்சுபவைதாம். ஆகவேதான் வெறுமையான கோயிலைவிட, நிறைந்த கோயிலில் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

கம்பி வழியே வழிபாடு

தொலைபேசி தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, ‘ஓரிடத்தில் நிகழ்வதை வேறோர் இடத்தில் இருப்போர் கேட்கலாமே’ என்ற எண்ணம் பிறந்துவிட்டது. 1881இல் பாரிசு நகரக் கண்காட்சியில் கிளெமென்ட் ஆடெர் என்பார் இசை நாடக அரங்கின் ஒலியைக் கம்பி வழியே அனுப்பி, வேறொரு கட்டடத்தில் கேட்கச் செய்தார். 1895இல் இலண்டனில் ‘எலெக்ட்ரோபோன்’ என்னும் சேவை தொடங்கிற்று. வாரநாட்களில் நாடகம், இசை. ஞாயிற்றுக்கிழமையில் தேவாலய வழிபாடு. சந்தா கட்டியவர்கள் வீட்டில் அமர்ந்தபடியே காதில் கருவியைப் பொருத்திக் கேட்டனர். வழிபடுவோரின் கவனம் கலையக்கூடாது என்று, மேடையில் வைத்த ஒலிவாங்கியை விவிலிய நூலைப்போல் உருவமைத்து மறைத்தனராம்!

ஆனால் அன்று குரலைப் பெருக்க வழியில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காதுக்கருவி தேவைப்பட்டது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த மூன்று மின்வாய் வால்வு இந்தத் தடையை நீக்கிற்று. நலிந்த மின் சைகையைக் கொடுத்தால், அதே வடிவமுள்ள வலிய சைகையாக அது திருப்பித் தரும். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்திற்கு ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் தமது ஒலிபெருக்கியால் இசையையும் பேச்சையும் கேட்கச் செய்தனர்.

1921 நவம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங், ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் பெயர் அறியாப் போர்வீரனின் அடக்கச் சடங்கில் உரையாற்றினார். அவ்வுரை தொலைபேசிக் கம்பிகளின் வழியே நியூயார்க்கிற்கும், கண்டத்தின் மறுகோடியிலுள்ள சான் பிரான்சிஸ்கோவிற்கும் சென்றது. அங்கே கூடியிருந்தவர்கள் ஒலிபெருக்கிகளின் மூலம் அதனை அதே நேரத்தில் கேட்டனர். ஒரு நாடு முழுவதையும் ‘அடுத்த கூடம்’ ஆக்கிய நிகழ்ச்சி இது எனலாம்.

பூங்காவுக்கு வந்த வானொலி

நம் ஊர் பின்தங்கி நிற்கவில்லை. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பணமுடையால் அது நின்றுபோக, அதன் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்திற்று. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும்வரை இது தொடர்ந்தது. 1954இல் வானொலி நிலையம் சாந்தோமை ஒட்டிய கடற்கரைச் சாலைக்கு இடம் மாறியது.

அக்காலத்தில் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். எனவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. தியாகராய நகரின் பனகல் பூங்காவில் மாலை வேளையில் புல்தரையில் அமர்ந்து செய்தியும் கச்சேரியும் கேட்டவர்கள் பலர். சபாவுக்குச் சீட்டு வாங்க இயலாதவருக்கு அந்தப் பூங்காவே துணை அரங்கமாயிற்று. கருவி ஒன்று, கேட்போர் நூற்றுக்கணக்கானோர். அறிவியல் சமத்துவத்திற்குத் துணைசெய்த எளிய எடுத்துக்காட்டு இது.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றிய வழிபாடு நடைபெற்றது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகளிலிருந்து மக்கள் திரண்டு வந்தனர். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்த நேரம். விடுதலை இயக்கத்தின் பொதுக்கூட்டங்களில் ஏற்கெனவே பழகிவிட்ட ஒலிபெருக்கி, அதன் பின்னர் கோயில் விழாவிலும் திருமணத்திலும் பேராலய முற்றத்திலும் இன்றியமையாத பொருளாயிற்று. காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய படங்களில், ஒலிவாங்கியின்மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயரை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அது பம்பாயிலிருந்து இயங்கிய ஓர் இந்திய நிறுவனத்தின் பெயராகும்.

நீண்ட கம்பியின் சிக்கல்

பேராலயத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் உள்ள பந்தலுக்கு ஒலியை அனுப்ப வேண்டுமென வைத்துக்கொள்வோம். 8 ஓம் மின்தடையுள்ள ஒலிபெருக்கியைப் பெருக்கியோடு நேராகக் கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? கம்பிக்கே 4 ஓம் மின்தடை இருக்குமானால், பெருக்கி தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கம்பியைச் சூடேற்றுவதிலேயே வீணாகிவிடும்.

இதற்குத் தீர்வு, மின்வாரியம் செய்வதைப் போலச் செய்வதேயாகும். மேட்டூரில் உண்டாகும் மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பி, ஊருக்கு அருகில் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள் அல்லவா? அதுபோலவே பெருக்கியின் சைகையை 100 வோல்ட் அளவிற்கு உயர்த்திக் கம்பியில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு சிறு மின்மாற்றி அதனைக் குறைத்துக்கொள்கிறது. 100 வாட் ஆற்றலை அனுப்ப இப்போது 1 ஆம்பியர் மின்னோட்டம் போதும். அதே 4 ஓம் கம்பியில் இழப்பு 4 வாட் மட்டுமே. ஒரே கம்பியில் பத்து, இருபது ஒலிபெருக்கிகளை மாலைபோல் கோத்துவிடலாம். விழாக் காலங்களில் தெருக் கம்பங்களில் நாம் காணும் புனல் வடிவ ஒலிபெருக்கிகள் இந்த முறையில் இயங்குபவையே.

ஒலி தாமதமாக வருகிறது

கம்பியின் சிக்கல் தீர்ந்ததும் காற்றின் சிக்கல் தலைகாட்டியது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயம் 1972இல் தோன்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29இல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை விழா நடக்கிறது. காவி உடையணிந்து நடந்து வரும் பக்தர்களின் கூட்டம் ஆலய எல்லையைக் கடந்து கடற்கரை வரை நிறைந்துவிடும். இப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே, வரிசையாக ஒலிபெருக்கிகள் கட்டப்பட்ட ஒரு தெருவில் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கம்பியில் மின் சைகை ஏறத்தாழ ஒளியின் வேகத்தை ஒட்டிச் செல்கிறது. ஆகவே எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே கணத்தில் பேசுகின்றன. ஆனால் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். உங்கள் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியின் சொல் உடனே வருகிறது. 68 மீட்டர் தள்ளியுள்ள ஒலிபெருக்கியின் அதே சொல் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து வருகிறது. ‘ஆண்டவர்’ என்ற சொல் ‘ஆண்டவர்... டவர்’ என்று காதில் விழுகிறது.

எவ்வளவு தாமதத்தை நமது செவி பொறுத்துக்கொள்ளும்? 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹெல்முட் ஹாஸ் இதனை ஆராய்ந்தார். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து, வினாடியில் ஆயிரத்தில் 30 பங்கு அளவுக்குள் அடுத்தடுத்து வந்தால், செவி அவற்றை ஒன்றாகவே கொள்கிறது. முதலில் வந்த திசையையே ஒலி பிறந்த இடமாக உணர்கிறது. தாமதம் ஆயிரத்தில் 50 பங்கைத் தாண்டினால், இரண்டும் தனித்தனியே கேட்கத் தொடங்குகின்றன.

இந்த உண்மையை இலண்டன் புனித பால் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்தில் பார்க்கின் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் பயன்படுத்தினர். ஆளில்லா வேளையில் அங்கே எதிர்முழக்கம் சுமார் 11 வினாடி! அவர்கள் காந்தப்பூச்சுள்ள சுழலும் வட்டு ஒன்றை அமைத்தனர். ஓரிடத்தில் பேச்சு பதிவாகும். வட்டு சுழன்று சற்றுத் தள்ளியுள்ள முனைகளை அடையும்போது அது மீண்டும் படிக்கப்பட்டு, பின்வரிசை ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும். மேடையிலிருந்து காற்றில் வரும் குரலும், அருகிலுள்ள ஒலிபெருக்கியின் குரலும் இவ்வாறு ஒத்துப்போயின. ஒலியைத் தெளிவாக்க, வேண்டுமென்றே தாமதப்படுத்தினர்! இன்று அந்த வட்டின் வேலையை விரல்நகம் அளவுள்ள மின்னணுச் சில்லு செய்துவிடுகிறது.

காட்சியும் சேர்ந்தது

அசிசி நகரத்துப் புனித கிளாரா 1253இல் மறைந்தவர். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஒரு கிறிஸ்துமஸ் இரவில், தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறைச் சுவரிலேயே அவர் கண்டதாகக் கிறிஸ்தவ மரபு கூறுகிறது. அதனால் 1958இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். 1956இல் சாந்தோம் பேராலயத்திற்குப் பசிலிக்கா என்ற தகுதியை வழங்கியவரும் இவரே. வர இயலாதவருக்கும் காட்சி கிட்ட வேண்டும் என்ற ஏக்கம் மிகப் பழையது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிற்று. 1980களில் வீடியோ காமிரா பரவியதும், தியாகராய நகர்த் திருமண மண்டபங்களில் புதுக்காட்சி ஒன்று தோன்றியது. படம் எடுப்பவர்கள் மணமேடையைச் சூழ்ந்து நிற்க, பின்னால் அமர்ந்தவர்களுக்கு அவர்களின் முதுகே தெரிந்தது. எனவே தூண்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தார்கள். தாலி கட்டுவதைச் சில அடி தொலைவிலிருந்தே பெட்டியில் பார்த்தோம்! தேவாலயத் துணைக் கூடத்திலும் இதே ஏற்பாடுதான். காமிராவிலிருந்து ‘கோ-ஆக்சியல்’ வடம் கூடம்வரை சென்றது. அன்றைய முறையில் படம் 625 கோடுகளாக, வினாடிக்கு 25 சட்டங்களாகப் பிரிந்து சென்றது. காமிரா காண்பதைப் பெட்டி ஏறத்தாழ அதே கணத்தில் காட்டியது.

இன்றைய எண்ணியல் முறையில் படம் மிகத் தெளிவு. ஆனால் பழைய முறையில் இல்லாத ஒரு குறை புகுந்துவிட்டது. உயர்தெளிவுப் படத்தை அப்படியே அனுப்ப வினாடிக்குச் சுமார் 150 கோடி இருமக் குறிகள் தேவை. அதனைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கிறார்கள். சுருக்குவதற்கு ஒவ்வொரு கருவியும் ஒன்றிரண்டு சட்டங்களைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சட்டம் என்பது வினாடியில் 25இல் ஒரு பங்கு. நான்கு சட்டங்கள் தாமதித்தாலே ஆயிரத்தில் 160 பங்கு ஆகிவிடும். ஒலியை மட்டும் நேரே பெருக்கிக்கு அனுப்பினால் குரல் முன்னே வரும். உதடு பின்னே அசையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றின் எதிர்க்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதை முதலில் காண்கிறோம். ஓசை பிறகு வருகிறது. மின்னலுக்குப் பின்பே இடி. இயற்கையில் ஒலி காட்சிக்குப் பிந்தி வருவதே வழக்கம், முந்துவதில்லை. நமது மூளையும் அதற்கே பழகியுள்ளது. அகில உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை இதனை எண்களால் காட்டுகிறது: ஒலி ஆயிரத்தில் 125 பங்கு பிந்தினால்தான் உறுத்தத் தொடங்குகிறது, முந்தினாலோ 45 பங்கிலேயே உறுத்துகிறது. தீர்வு? ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். புனித பால் பேராலயத்தின் சுழல் வட்டு நினைவுக்கு வருகிறதல்லவா!

இணையம் வழியே அனுப்பினால் தாமதம் பல வினாடிகளாக நீளலாம். வீட்டில் தனியே பார்ப்பவருக்கு அதனால் கேடில்லை. ஆனால் பக்கத்துக் கூடத்திற்கே அதைப் பயன்படுத்தினால், உள்ளே சபையார் ‘ஆமென்’ என்று கூறுவது கதவின் வழியே கேட்டுவிடும். திரையில் செபம் இன்னும் முடிந்திராது!

அயலாரின் உறக்கம்

வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கவேண்டும் என்பது ஒரு பக்கம். கேட்க விரும்பாத அயலாரின் அமைதி மறுபக்கம். 1 மீட்டரில் 120 டெசிபெல் தரும் ஒரு புனல் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். தொலைவு இரட்டிக்க 6 டெசிபெல் குறையும் என்றோம். அப்படியானால் 128 மீட்டருக்கு அப்பாலும் அது 78 டெசிபெல் இருக்கும். குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்து வரம்போ 55 டெசிபெல், இரவில் 45.

இவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது நம் சென்னையிலிருந்துதான். வடசென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்திற்கும் இடையே எழுந்த வழக்கு அது. சாலையின் வாகன இரைச்சலே பெரிது என்பது சபையின் வாதம். பிறர் அமைதியைக் குலைக்கும் வகையில் ஒலிபெருக்கியால் வழிபட வேண்டுமென்று எந்த மதமும் கூறவில்லை என 2000 ஆகஸ்டு 30இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது எல்லா மதத்தார்க்கும் பொருந்தும் தீர்ப்பாகும். அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன; மூடிய கூடங்களுக்குள் நிகழும் பயன்பாட்டிற்கு விலக்கு உண்டு.

மூடிய துணைக் கூடத்தின் சிறப்பு இங்கேதான் புலப்படுகிறது. கேட்பவரின் அருகிலேயே சிறு ஒலிபெருக்கிகளை வைத்தால் குறைந்த ஒலியே போதும். ஒரு பெரிய புனல் ஊரையே எழுப்பும். பத்துச் சிறு பெட்டிகள் கூடத்தில் உள்ளவருக்கு மட்டும் தெளிவாகப் பேசும்.

பார்வையாளரா, பங்கேற்பாளரா?

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றால் ஊரடங்கு வந்தபோது, நிலைமை தலைகீழாயிற்று. பேராலயத்திற்குள் குருவும் சிலரும் மட்டுமே இருந்தனர். சபையார் அனைவரும் துணைக் கூடத்தில், அதாவது அவரவர் வீட்டில் இருந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 12இல் வந்த ஈஸ்டரைப் பலர் கைப்பேசித் திரையில்தான் கண்டனர். கருவிகள் குறைவின்றி இயங்கின. ஆயினும் ஏதோ ஒன்று குறைவதாகப் பலர் உணர்ந்தனர்.

அது என்ன? சைகை ஒரு திசையில் மட்டுமே சென்றது. வழிபாடு என்பது குரு கூறுவதும் சபை மறுமொழி தருவதும் சேர்ந்தது. துணைக் கூடத்தில் இருப்பவரின் பாட்டும் மறுமொழியும் உள்ளே போய்ச் சேராவிட்டால், அவர் திரைப்படம் பார்ப்பவராகிவிடுகிறார். 1895இல் காதுக்கருவியுடன் அமர்ந்த இலண்டன் சந்தாதாரரின் நிலையும் இதுவே.

இதற்கும் வழி உண்டு, செலவும் அதிகமில்லை. துணைக் கூடத்தில் ஓர் ஒலிவாங்கியை வைத்து, அங்கு எழும் பாட்டை மெல்லிய அளவில் முதன்மைக் கூடத்திற்கு அனுப்பலாம். மேடையிலிருப்பவர் காணுமாறு அக்கூடத்தின் காட்சியை ஒரு சிறு திரையில் காட்டலாம். வடம் வழியே நேராக அனுப்பித் தாமதத்தைக் குறைக்கலாம். ஏனெனில் அங்கே அமர்ந்திருப்பவர்கள் யார்? கைக்குழந்தையுடன் வந்த தாய், மூச்சிரைக்கும் முதியவர், தொலைவிலிருந்து பேருந்தில் வந்து தாமதமானவர். அவர்களுக்குக் கிடைப்பது இரண்டாம் தர இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் அறிவியலில் இல்லை.

அடுத்த முறை கோயிலிலோ, தேவாலயத்திலோ, மண்டபத்திலோ திரையின் முன் அமர நேர்ந்தால், பேசுபவரின் உதடுகளைக் கவனியுங்கள். குரல் முந்துகிறதா, பிந்துகிறதா? தொலைவிலுள்ள ஒலிபெருக்கியின் குரல் எவ்வளவு தாமதித்து வருகிறது? தாமத வினாடியை 340ஆல் பெருக்கினால், அருகிலுள்ளதைவிட அது எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை நீங்களே கண்டுவிடலாம். பிறகு அந்த ஏற்பாட்டைச் செய்தவரிடம் சென்று நீங்கள் கண்டதைக் கூறுங்கள். கடைசி நாற்காலியில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை, மேடைக்கருகில் நிற்கும் அவர் உங்கள் வாயிலாகத்தான் அறிய முடியும்.